நோய்ப்பரவலியலில் முதல் சில வருடங்கள்: எதைக் கற்பது, யாரிடம் கற்பது?

நித்திலா

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை முடித்து, ஓர் ஆய்வுக் குழுவில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்து இப்போது இரண்டாம் வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. குழுவிடம் பெரிய கோஹார்ட் ஆய்வு (ஒரே மக்கள் கூட்டத்தைப் பல வருடம் பின்தொடர்வது) ஒன்றின் தரவு இருக்கிறது. தரவுப் பிரிவிலிருந்து சுத்தம் செய்த கோப்பு எனக்கு வரும். எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் கூடவே வரும். நான் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ரெக்ரஷன் (எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று கணக்கிடும் மாடல்) ஓட்டி, அட்டவணை போட்டு அனுப்புவேன். வெளிவந்த கட்டுரைகளில் நடுவில் எங்கோ என் பெயரும் இருக்கிறது.

நெறியாளர் நல்ல மனிதர், கேட்டால் பொறுமையாகச் சொல்வார். ஆனால் அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. என் கவலை வேறு. ஒரு கருத்தரங்கில் போஸ்டர் முன்னால் நின்றபோது ஒருவர் வந்து, "உடல் எடையை மாடலில் சேர்த்திருக்கிறீர்களே, ஏன்?" என்று கேட்டார். பட்டியலில் இருந்தது, அதனால் சேர்த்தேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஒரே யோசனை. வேலை ஓடுகிறது, ஆனால் நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலை நான் கற்கிறேனா என்று தெரியவில்லை.

வேலை அறிவிப்புகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. காரண அனுமானம் (எது எதற்குக் காரணம் என்று கண்டறியும் முறைகள்), மெஷின் லேர்னிங், பைத்தான், மரபணுத் தரவு, களப்பணி அனுபவம் எல்லாம் ஒரே ஆளிடம் கேட்கிறார்கள். என் முன்னால் இருப்பவை மூன்று: ஆன்லைனில் ஒரு மெஷின் லேர்னிங் சான்றிதழ், இரண்டு வருடக் களப் பயிற்சித் திட்டம், அல்லது நேரே பிஎச்டி. இந்தத் துறையில் இருப்பவர்கள் என்ன சொல்வீர்கள்?

செவ்வந்தி

நித்திலா, அந்தப் போஸ்டர் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் அடுத்து என்ன கற்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

பல வருடங்களாக இளம் ஆய்வாளர்களோடு வேலை செய்கிறேன். அதில் எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்திலேயே ஒரு ஆய்வை, எவ்வளவு சின்னதானாலும் சரி, கேள்வியிலிருந்து கட்டுரை வரைக்கும் முழுசாகக் கையில் எடுத்துச் செய்தவர்கள் பிறகு எங்கே போனாலும் நிற்கிறார்கள். நடுவிலுள்ள ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தவர்கள், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும், "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்வியில் தடுமாறுகிறார்கள். உங்களுக்கு இப்போது வந்து சேர்வது அந்த நடுத்துண்டுதான். கோப்பு சுத்தமாகி வருகிறது, கேள்வி முடிவாகி வருகிறது. துறையின் முக்கால்வாசிச் சிந்தனை அந்த இரண்டு இடத்திலும் உங்கள் கைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது.

சுத்தம் செய்வதை எடுத்துக்கொள்வோம். குழுவின் மூலத் தரவு கிடைக்க நாளாகும் என்றால் பொதுவில் கிடைப்பதில் தொடங்குங்கள். அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பை, என்ஹேன்ஸ் என்பார்களே, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கேள்வித்தாள், எந்த எண் எதைக் குறிக்கும் என்று சொல்லும் கோட்புக், அளவெடுத்தவர்களுக்கான கையேடு எல்லாம் கூடவே கிடைக்கும். அதில் புகைப்பழக்கப் பகுதியை மட்டும் திறந்து பாருங்கள். முதலில், "வாழ்நாளில் குறைந்தது 100 சிகரெட்டாவது பிடித்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றவரிடம், "இப்போது பிடிக்கிறீர்களா?" என்ற கேள்விக்கே போவதில்லை. அதனால் அவருடைய கட்டம் காலியாக இருக்கும். இதைக் கவனிக்காமல், காலிக் கட்டம் உள்ள வரிகளை நீக்கு என்று ஒரு கட்டளை கொடுத்தால், புகையே பிடிக்காதவர்கள் அத்தனை பேரும் கோப்பிலிருந்து போய்விடுவார்கள். மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்காது. மாடல் அழகாக ஓடும், நம்பிக்கை இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) எண்ணும் வரும்.

குடிப்பழக்கப் பகுதியிலும் இப்படித்தான். ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை கோப்பை என்ற இடத்தில் 777, 999 என்று சில பதிவுகள் இருக்கும். முதலாவது பதில் சொல்ல மறுத்தவர், இரண்டாவது தெரியாது என்றவர். அதை எண்ணாக எடுத்துச் சராசரி போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரத்த அழுத்தக் கோப்பில் கீழ் அளவு சிலருக்கு 0 என்று இருக்கும். அதை என்ன செய்வது என்று கையேட்டைப் படித்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், எடுத்த முடிவை எழுதியும் வைக்க வேண்டும். மாதிரி எடுத்த முறைக்கான எடைகள் (ஒருவர் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்), அடுக்குகள், தொகுதிகள் எதற்கு என்பது அதற்கடுத்த பாடம். சில பிரிவினரை வேண்டுமென்றே கூடுதலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எடை போடாத விகிதம் அந்த நாட்டு மக்களின் விகிதமாகாது. இந்த மாதிரி முடிவுகளைச் சொந்தக் கையால் எடுத்துப் பழகியவருக்கு, பிறகு சுத்தமான கோப்பு வந்தாலும், "இதைச் சுத்தம் செய்தவர் என்ன முடிவெடுத்திருப்பார்?" என்று கேட்கத் தோன்றும்.

அப்புறம் கேள்வி. இதைப் பற்றி எனக்கு எவ்வளவு சொன்னாலும் ஆறாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயநோய் குறைகிறது என்று பெரிய கோஹார்ட் ஆய்வுகள் சொல்லிவந்தன. லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். 2002இல் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனையில் (யாருக்கு மாத்திரை என்று குலுக்கல்போல முடிவு செய்வது), ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். இதயத்துக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை, ஆபத்து கொஞ்சம் கூடவே இருந்தது. கோஹார்ட் ஆய்வுக்காரர்கள் புள்ளியியல் தெரியாதவர்கள் அல்ல. 2008இல் மிகுவெல் ஹெர்னான் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும், அந்தக் கோஹார்ட் ஆய்வுகளில் ஒன்றான அமெரிக்கச் செவிலியர் ஆய்வின் அதே பழைய தரவை எடுத்து, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைச் சேர்க்காமல், புதிதாகத் தொடங்கியவர்களைத் தொடங்கிய நாளிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தார்கள். சோதனையோடு இருந்த முரண்பாட்டில் பெரும்பகுதி காணாமல் போனது. தரவு மாறவில்லை. கேள்வியை எழுதிய விதமும் கடிகாரம் தொடங்கிய நாளும் மாறின. மாத்திரை தொடங்கிய புதிதில் பாதிக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டால், மிஞ்சியவர்களை வைத்து, "சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள்" என்றுதான் தோன்றும்.

இதனால் என்னிடம் வருகிற ஒவ்வொருவரையும் தரவைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். காசும் அனுமதியும் தடையில்லை என்றால் இதே கேள்விக்கு எப்படி ஒரு சோதனை நடத்துவீர்கள்? யாரைச் சேர்ப்பீர்கள், எதை எதோடு ஒப்பிடுவீர்கள், எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவீர்கள், எப்போது நிறுத்துவீர்கள்? அதை எழுதிவிட்டு, உங்களிடம் இருக்கும் தரவு எந்த இடத்தில் அதற்கு ஈடு கொடுக்கிறது, எங்கே கொடுக்கவில்லை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்து, அம்புக்குறி போட்டு ஒரு காரணப் படம். உடல் எடை அந்தப் படத்தில் எங்கே வருகிறது? நீங்கள் ஆராயும் காரணத்துக்கும் நோய்க்கும் பொதுவான வேராக முன்னால் நிற்கிறதா, அல்லது காரணம் நோயைத் தருகிற வழியில் நடுவில் நிற்கிறதா? முன்னால் நின்றால் சேர்க்க வேண்டும். நடுவில் நின்றால், முழு விளைவைத் தேடுகிறபோது அதைச் சேர்ப்பது தேடுவதையே அழித்துவிடும். போஸ்டர் முன்னால் வந்தவர் கேட்டது இதைத்தான்.

இன்னொன்றையும் அந்தப் படம் சொல்லித்தரும். ஒரே மாடலிலிருந்து வந்த எல்லா எண்களையும் ஒரே மாதிரி காரணமாகப் படிக்கக் கூடாது. அந்த எண்கள் கட்டுரைகளில் வழக்கமாக இரண்டாம் அட்டவணையில் வருவதால், வெஸ்ட்ரைக், கிரீன்லாண்ட் என்ற ஆய்வாளர்கள் 2013இல் 'இரண்டாம் அட்டவணைப் பிழை' என்று இதற்குப் பெயரிட்டார்கள். உங்கள் குழுக் கட்டுரைகளின் இரண்டாம் அட்டவணையை எடுத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

மெஷின் லேர்னிங் சான்றிதழ் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. யாருக்கு நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது ஒரு வேலை, எதை மாற்றினால் நோய் குறையும் என்பது வேறு வேலை. இரண்டாவது பிடிபட்ட பிறகு முதலாவதைக் கற்பது சுலபம்.

முடிந்தால் உங்கள் கோஹார்ட்டின் நேர்காணல் நடக்கும் இடத்துக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருங்கள். "கடந்த வாரம் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்தீர்கள்?" என்றதும் பதில் சொல்பவர் நேர்காணல் செய்பவரின் முகத்தைப் பார்ப்பதைப் பார்ப்பீர்கள். கேள்விகள் நீள நீளப் பதில்கள் சுருங்குவதும் தெரியும். டால், ஹில் என்ற ஆய்வாளர்கள் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குப் புகைப்பழக்கம் பற்றி அனுப்பிய கேள்வித்தாளை வேண்டுமென்றே சின்னதாக வைத்தார்கள். பயன்படுத்தும்படியான பதில் அனுப்பியவர்கள் 40,000க்கும் மேல். ஐம்பது வருடப் பின்தொடர்தல் அந்தச் சின்னக் கேள்வித்தாளின் மேல்தான் நின்றது.

களப்பறவை

செவ்வந்தி அம்மா சொன்னதோடு உடன்படுகிறேன். களப் பயிற்சி பக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நான் அந்த வழியில் வந்தவன்.

இந்தத் திட்டங்களுக்கெல்லாம் முன்னோடி 1951இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்மியூர் தொடங்கிய, நோய்ப் பரவலைக் களத்தில் போய் ஆராயும் எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ். அதன் சின்னத்தில் ஓட்டை விழுந்த ஷூவின் அடிப்பாகம் இருக்கும், நடந்து தேய்ந்தது என்று பொருள். அதே பாணியில் இப்போது பல நாடுகளில் களத் திட்டங்கள் இருக்கின்றன. மேல்நிலைத் திட்டம் பெரும்பாலும் இரண்டு வருடம். சில மாதங்களில் முடியும் முதல்நிலைப் பயிற்சிகளும் உண்டு. வகுப்பு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பணியில் இருந்தபடியே கற்பது.

களத்தில் முதலில் புரிவது, யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதே ஒரு முடிவு என்பதுதான். ஒரு விருந்துக்குப் பிறகு பலருக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வருகிறது. 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் போனவரை மட்டும் எண்ணினால் லேசாக வந்தவர்கள் தப்பிவிடுவார்கள். வயிறு சரியில்லை என்ற எல்லோரையும் எண்ணினால் சம்பந்தமில்லாதவர்கள் கலந்து, குற்றவாளி உணவு எது என்ற வித்தியாசமே மங்கிவிடும். வரையறையை எழுதி, நோயாளி ஒருவருக்கு ஒரு வரி என்று வரிப்பட்டியல் போட்டு, நேர வாரியாகப் படம் வரைந்து, அதன் வடிவத்தைப் பார்த்து ஒரே மூலமா, ஆளுக்கு ஆள் பரவுகிறதா என்று ஊகிக்க வேண்டும். அன்று மாலையே அதிகாரிகளிடம் எளிய வார்த்தையில் சொல்லவும் வேண்டும். பாதித் தரவை வைத்துக்கொண்டு முடிவு சொல்லும் துணிவும், எந்த அளவுக்கு நிச்சயம் என்று ஒளிக்காமல் சொல்லும் ஒழுக்கமும் எனக்கு அங்கே கிடைத்தவை.

நேரே ஒன்று சொல்கிறேன். கட்டுரை எழுத அங்கே நேரம் குறைவு. பல்கலைக்கழக வேலைதான் குறிக்கோள் என்றால் பிஎச்டிக்கு அது மாற்றாகாது. கண்காணிப்பு, நோய்த்தடுப்பு, அரசுச் சுகாதாரத் துறை, சர்வதேச அமைப்புகள் என்று மனம் போனால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

எண்காரன்

ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரே ஆய்வை முழுசாகச் செய்யுங்கள் என்பது சரி. ஆனால் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு, விடுபட்ட தரவு, பலநிலை மாடல் போன்ற புள்ளியியல் முறைகளையெல்லாம் ஒரு தரவுக்கோப்போடு மல்லுக்கட்டித் தானாகக் கற்றுவிட முடியாது. முறையான வகுப்பு வேண்டும். வகுப்பைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றே: வீட்டுப்பாடத்தை ஒரு மனிதர் திருத்தித் தருகிறாரா? வீடியோ பார்த்து, சரியான விடையைச் சொடுக்கி, சான்றிதழ் வாங்குவதில் எதுவும் ஒட்டாது.

நித்திலா, இன்றே தொடங்கக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். பொய்த் தரவு தயாரியுங்கள். ஆரிலேயே 10,000 பேரை உருவாக்குங்கள். வயது கூடினால் மருந்து எடுக்கும் வாய்ப்பும் கூடும், நோய் வரும் வாய்ப்பும் கூடும், ஆனால் மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நீங்களே விதி எழுதுங்கள். இப்போது வயதைச் சேர்க்காமல் மாடல் ஓட்டினால் மருந்து கெடுதல் செய்வதாகத் தெரியும். சேர்த்தால் அந்தக் கெடுதல் மறையும். அடுத்து, மருந்தாலும் நோயாலும் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு கூடுவதாக வைத்து, சேர்ந்தவர்களை மட்டும் எடுத்து ஓட்டுங்கள். இல்லாத தொடர்பு முளைத்து நிற்கும். உண்மை என்னவென்று முன்பே தெரிந்த தரவில் முறையைச் சோதித்தவருக்கு, தெரியாத தரவில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தானாக வரும்.

நித்திலா

எல்லோருக்கும் மிக்க நன்றி. எண்காரன் அண்ணா சொன்ன பொய்த் தரவை நேற்று இரவே செய்து பார்த்தேன். ஆஸ்பத்திரி உதாரணத்தில் மருந்து நோயைத் தடுப்பதுபோல வந்தது! திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது.

செவ்வந்தி அக்கா, ஒரு ஆய்வை முழுசாகச் செய் என்று சொல்லிவிட்டீர்கள். அதை நெறியாளரிடம் எப்படிக் கேட்பது? முதல் ஆசிரியராக என் பெயர் வருமா என்று கேட்டால் பேராசை என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவருக்கு நேரமும் இல்லை என்றேனே. அப்புறம், பிஎச்டியை எப்போது யோசிப்பது?

செவ்வந்தி

பொய்த் தரவைச் செய்துவிட்டீர்களா, ரொம்ப சந்தோஷம்! எண்காரன் சொன்ன வகுப்பு விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கையில் ஒரு ஆய்வு இருக்கும்போது அந்த வகுப்புக்குப் போனால் இரண்டு மடங்கு ஒட்டும்.

நெறியாளரிடம், "எனக்கு ஒரு புராஜெக்ட் கொடுங்கள்" என்று போகாதீர்கள். நேரமில்லாதவருக்கு அது இன்னொரு வேலை. அந்த ஒரு பக்கத்தை எழுதி எடுத்துப் போங்கள். இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: "நம் தரவில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடலாம் என்று தோன்றுகிறது. ஒரு பக்கத் திட்டம் இணைத்திருக்கிறேன். காரணப் படத்தில் இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம், அங்கே குறியிட்டிருக்கிறேன். அரை மணி நேரம் கிடைத்தால் அந்த இரண்டை மட்டும் பேசலாம். நீங்கள் சரி என்றால் மூலக் கோப்பிலிருந்து நானே தொடங்கி, முதல் வரைவையும் நானே எழுதுகிறேன்." எதில் உதவி வேண்டும் என்று தெளிவாக இருந்தால் எவ்வளவு நெருக்கடியான ஆளும் அரை மணி நேரம் தருவார். மாதம் ஒருமுறை முழுக் கூட்டத்தைவிட இது நன்றாக நடக்கும்.

முதல் ஆசிரியர் என்பதை இதே கட்டத்தில், வேலை தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அதில் பேராசை எதுவும் இல்லை. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகள் பொதுவில் இருக்கின்றன. திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ குறிப்பிடத்தக்க பங்கு, வரைவை எழுதுவதிலோ கூர்ந்து திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்தே வர வேண்டும். அதைக் காட்டி, "இதில் யார் யார் எந்த வேலை என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது உரிமைச் சண்டையாகத் தெரியும், முன்னால் கேட்டால் ஏற்பாடாகத் தெரியும். இந்த ஒரு உரையாடல் நடக்காததால் துறையையே விட்டுப் போன திறமைசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வழிகாட்டி ஒருவரே எல்லாமாக இருக்க வேண்டியதில்லை. வேலையைச் சரிபார்க்க நெறியாளர், முறையில் சந்தேகம் கேட்க ஒரு புள்ளியியலாளர், உங்களைவிட நாலைந்து வருடம் மூத்தவராக, விண்ணப்பமும் நேர்காணலும் இப்போது எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர். மூன்றாவது வகை ஆளை நிறையப் பேர் தேடுவதே இல்லை. சர்வதேச நோய்ப்பரவலியல் சங்கத்தில் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கென்று தனிக் குழு இருக்கிறது, அதுமாதிரி இடங்களில் கிடைப்பார்கள். நெறியாளருக்கு மதிப்பீட்டுக்குக் கட்டுரை வந்தால், இதழாசிரியரின் அனுமதியோடு சேர்ந்து செய்யலாமா என்று கேளுங்கள். பிறர் கட்டுரையின் ஓட்டையை இரண்டு பக்கத்தில் கண்ணியமாக எழுதப் பழகினால் உங்கள் கட்டுரையின் ஓட்டை கண்ணில் படும். எழுதும்போது, கோஹார்ட் போன்ற ஆய்வுகளைக் கட்டுரையாக்கும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்த பிறகு கட்டம் போட அல்ல, திட்டமிடும்போதே பார்க்க.

பிஎச்டி பற்றி: இந்த முதல் ஆய்வு நடக்கும்போது எந்த இடத்தில் உங்களுக்கு நேரம் போவதே தெரியவில்லை என்று கவனியுங்கள். அளவெடுப்பதிலா, முறையிலா, நோயின் உயிரியலிலா, கொள்கை வகுப்பவர்களோடு பேசுவதிலா? அதை வைத்துத்தான் எந்தக் குழு என்று தேட முடியும். களப்பறவை சொன்ன வழியையும் அப்போது இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது நெறியாளரின் கட்டுரைகளை எண்ணாதீர்கள். அவரிடம் படித்து முடித்தவர்களைத் தேடிப் பேசுங்கள். எத்தனை வருடம் ஆனது, முதல் ஆசிரியராக எழுத விட்டாரா, மாற்றுக் கருத்து சொன்னால் எப்படி எடுத்துக்கொண்டார், இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நடுவில் விட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரோடும் பேசுங்கள், அவர் சொல்வது வேறு யாரிடமும் கிடைக்காது.

ஒரு பக்கத்தை எழுதியதும், குழுவின் தரவு விவரம் எதுவும் வெளியே வராதபடி, கேள்வியையும் காரணப் படத்தையும் மட்டும் இந்தத் திரியில் போடுங்கள். நானும் எண்காரனும் பார்க்கிறோம். உடல் எடையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.